கன்ட்ரோல் நல்லா வந்திருக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் கௌசல்யா ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். கையில் ஓர் ஊறுகாய் பாட்டில். நீங்கள் கொண்டுவருவீர்களே, அதே அகலவாய்க் கண்ணாடி பாட்டில், அதே மஞ்சள் மூடி. மூடியின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி 'டீச்சருக்கு' என்று எழுதியிருந்தாள். எழுத்து அவளுடையதுதான். ஆனால் என்னை டீச்சர் என்று கூப்பிடும் பழக்கம் அவளுக்கு உங்களிடமிருந்து வந்தது.

மூடியைத் திறந்தேன். வெயிலில் காய்ந்த சிப்பிக் காளானின் வாசனை குப்பென்று வந்தது. கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் மண், கொஞ்சம் கருவாடு. "கருவாட்டுக்குப் பங்காளி டீச்சர் இது" என்பீர்கள். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. 

"நல்ல காளான் டீச்சர். எனக்கு எடுத்தது போக மிச்சம்" என்றாள்.

"உனக்குன்னா? கொழம்பு வைக்கவா?"

"இல்ல டீச்சர். அம்மா குடிச்சுச்சுல்ல, அந்தத் தண்ணி. நானும் தெனம் காலையில குடிக்கிறேன். நோவு வர்றதுக்கு முன்னாடியே குடிச்சுட்டா நல்லதுதான? அதைக் குடிச்சதுனாலதான அம்மாவே அம்புட்டு நாள் தாங்குச்சு."

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதை உங்களிடம் சொல்லாமல் முதலில் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது, அதில்தான் போனீர்கள் என்று ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய ஏழு மாதத்தை நீங்கள் வீட்டிலேயே கழித்ததற்கு என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்பது எனக்கு மட்டுமே தெரியும். அது உங்களுக்கும் தெரியாது. உங்களிடமும் நான் சொல்லவில்லை.

உங்களை முதலில் பார்த்தது ஒரு சித்திரை மாதத்தில். சில வருஷமாகவே புற்றுநோய் ஆய்வில் இருந்தேன். அதற்குக் காளானில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மருந்து அடிக்காத காளான் வேண்டும், வாரா வாரம் ஒரே இடத்திலிருந்து வேண்டும். டவுன் பஸ்ஸில் சின்னாளபட்டி தாண்டி உங்கள் ஊரில் இறங்கி, காளான் கொட்டகை எது என்று விசாரித்துக்கொண்டு வந்தேன். கொட்டகையைச் சுற்றித் தொங்கவிட்ட சாக்குகளுக்கு நீங்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தீர்கள். சித்திரையில் காளானைக் காப்பாற்றுவது கைப்பிள்ளையைக் காப்பாற்றுகிற மாதிரி என்று அலுத்துக்கொண்டீர்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். மார்பில் வரும் புற்றுநோய் என்றதும் உங்கள் கை கொஞ்ச நேரம் நின்றது. அப்போதே உங்களுக்குக் கட்டி இருந்திருக்குமோ என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இருந்திருக்காது. அந்த நோயின் பெயரைக் கேட்டால் எந்தப் பெண்ணுக்கும் கை நிற்கத்தான் செய்யும்.

"டாக்டரா?"

"இல்லக்கா. ஊசியெல்லாம் போட மாட்டேன்."

"வெள்ளைக் கோட்டு மாட்டுவியா?"

"அது மாட்டுவேன்."

"கோட்டு உண்டு, ஊசி கெடையாது. அப்ப டீச்சருதான், போ."

நான் பாடமே எடுப்பதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் கட்டைப் பையில் காளானோடு ஆய்வகத்துக்கு வந்துவிடுவீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜன்னல் வழியாக மலைக்கோட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன டீச்சர் சமையல்?" என்று கேட்பீர்கள். ஒரு வகையில் சமையல்தான். காளானைக் காயவைத்துப் பொடித்து, மணிக்கணக்கில் வெந்நீரில் வேகவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் ஆல்கஹாலை ஊற்றினால் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று பிரிந்து இறங்கும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"என்ன டீச்சர், பால் திரிஞ்ச மாதிரி இருக்கு?"

"இதுதான்க்கா நமக்கு வேணும். இதுக்குப் பேரு கூட்டுச்சர்க்கரை."

"சர்க்கரையா! ஆத்தாடி, இதுக்கு எதுக்கு இம்புட்டு பாடு? என் ரத்தத்துலயே ஏகத்துக்கும் கெடக்கு. எடுத்துக்கிறியா?"

ஆய்வகமே சிரித்தது. இது அந்தச் சர்க்கரை இல்லை, ஆயிரக்கணக்கான சர்க்கரைத் துண்டுகள் கோத்த நீளமான சங்கிலி, வாயில் போட்டால் இனிக்காது என்று விளக்கினேன். இனிக்காத சர்க்கரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து நமக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. "சர்க்கரை எப்படிக்கா இருக்கு?" என்று நான் கேட்பேன். "கன்ட்ரோல்ல இருக்கு டீச்சர். உன் சர்க்கரை?" என்பீர்கள். "இன்னும் கன்ட்ரோலுக்கு வரலக்கா" என்பேன். கன்ட்ரோல் என்ற அந்த வார்த்தையை நம் இருவருக்கும் நடுவில் புழக்கத்தில் விட்டது நானும்தான். 

செல்களைக் காட்டச் சொல்லி ஒரு நாள் கேட்டீர்கள். குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ, மார்புப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் இவை, அன்றிலிருந்து இன்றுவரை குடுவைகளில் வளர்த்துக்கொண்டே வருகிறார்கள் என்றேன். நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள்.

"அந்தப் பொம்பள இருக்காளா?"

"இல்லக்கா. அவங்க எப்பவோ போயிட்டாங்க."

"அவ போயிட்டா. இது மட்டும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்தீர்கள். அதன் பிறகு பல வாரம் குடுவை இருக்கும் அலமாரிப் பக்கம் நீங்கள் போகவே இல்லை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், தொண்ணூற்றாறு சின்னக் குழிகளோடு. பணியாரச் சட்டி என்று அதற்குப் பெயர் வைத்ததும் நீங்கள்தான். குழிகளில் புற்றுநோய் செல்களை வளரவிட்டு, காளானிலிருந்து எடுத்ததைக் கரைத்துச் சேர்த்து, கடைசியில் நிறம் காட்டும் ஒரு சாயம் விட்டுப் பார்ப்போம். செல் உயிரோடு இருக்கும் குழி கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். செத்த குழி வெளிறிக் கிடக்கும். ஓரத்து வரிசையில் மட்டும் காளான் எதையும் சேர்க்க மாட்டோம். ஒன்றுமே செய்யாமல் விட்டால் நோய் தன் பாட்டுக்கு எப்படி வளரும் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்கான வரிசை. அந்த வரிசைக்கு ஆய்வகத்தில் கன்ட்ரோல் என்று பெயர். அது செழிப்பாக வளர்ந்திருந்தால்தான் மற்ற குழிகளில் பார்ப்பதை நம்பலாம். எனக்கு மூன்று தடவை அந்த வரிசையே வீணாகிப்போனது. காற்றில் வந்த பூசணம் விழுந்து எல்லாக் குழியும் கெட்டது. இதற்கு மேல் முடியாது, வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். நான்காவது தடவை தட்டை வெளியே எடுத்தேன். ஓரத்து வரிசை எட்டுக் குழியும் அடர்ந்த ஊதா. நம் காளான் சேர்த்த பக்கம் வெளுத்துக்கொண்டே போகிறது.

சரியாக அப்போது நீங்கள் கட்டைப் பையோடு உள்ளே வந்தீர்கள்.

"என்ன டீச்சர், மூஞ்சியெல்லாம் பல்லா இருக்கு?"

"கன்ட்ரோல் நல்லா வந்திருக்குக்கா!" என்று கத்தினேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்க்கா. இதுக்குத்தான நாலு மாசமா தவம் கெடந்தேன். நம்ம காளானை ஊத்துன பக்கம் பாருங்க, பாதி செத்தே போச்சு."

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. நாலு மாதமாக என்னோடு சேர்ந்து அலைந்தவர், அதனால் இந்தச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் குளிக்கும்போது உங்கள் இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டிருந்தது என்று கௌசல்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

"அப்ப டீச்சர், இது இருக்கறவங்க இந்தக் காளான் தண்ணியைக் குடிச்சா?"

"அதுக்கு இன்னும் நெறைய இருக்குக்கா. மொதல்ல எலிக்குக் குடுத்துப் பாக்கணும். அப்புறம்தான் மனுசங்க. பத்துப் பதினஞ்சு வருசம்கூட ஆகும்."

"அம்புட்டு நாளு யாரு இருக்கறது" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எலி என்றும் பத்து வருஷம் என்றும் சொன்னேனே, தெளிவாகத்தானே சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்திருக்கிறேன். வழக்கு நிற்கவில்லை. கன்ட்ரோல் நல்லா வந்திருக்கு என்று ஒருத்தி துள்ளிக் குதிக்கும்போது, எலி யாருக்குக் காதில் விழும்? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அது. சர்க்கரை கன்ட்ரோல், பிரஷர் கன்ட்ரோல், வியாதி கன்ட்ரோல். உங்கள் காதில் விழுந்தது நோய் அடங்கிவிட்டது என்பது. நான் சொன்னது, சும்மா விட்ட நோய் நன்றாக வளர்ந்திருக்கிறது என்பது.

பிறகு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று கேட்டீர்கள். வெறும் வெந்நீரிலேயே அது இறங்கிவிடுமா என்று கேட்டீர்கள். "எறங்கிரும்க்கா. மத்ததெல்லாம் அதைச் சுத்தமாப் பிரிக்கத்தான்" என்று குழம்புக்குப் பக்குவம் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீங்கள் உதட்டுக்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "டீச்சர்..." என்றீர்கள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்துரும். போறேன்."

என் கண் தட்டின் மேல் இருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நாம் பேசியதை நினைத்துப் பார்க்கிறேன். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பேன். "கன்ட்ரோல்ல இருக்கு டீச்சர்" என்பீர்கள். நான் சர்க்கரையைக் கேட்டேன். நீங்கள் கட்டியைச் சொன்னீர்கள். ஐப்பசி மழையில் நனைந்து வந்த ஒரு நாள், "கொஞ்சம் கூடுன மாதிரி இருக்கு டீச்சர்" என்றீர்கள். நான் கோட்டு மாட்டிய மிடுக்கோடு, "சோத்தைக் குறைங்கக்கா. தெனம் கொஞ்சம் நடங்க" என்றேன்.

"சோத்தைக் குறைச்சா சரியாயிருமா?"

"கண்டிப்பாக்கா."

சோற்றைக் குறைத்தீர்கள். நீங்கள் மெலிந்தபோது நான் சந்தோஷப்பட்டேன் அக்கா. சொன்ன பேச்சைக் கேட்கிறீர்கள் என்று.

தை மாதம் பையை வலது கையில் மட்டும் தூக்கிக்கொண்டு, தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் பக்கத்தில் வந்ததும் ஒரு வாடை அடித்தது. மஞ்சளும் அழுகலும் கலந்த வாடை. காளான் வளர்க்கிறவரிடம் அப்படி வாடை வந்தால் எனக்கு என்ன தோன்றும்? வேகவைத்த வைக்கோலையும் காளான் வித்துகளையும் அடுக்கிக் கட்டும் அந்தப் பாலித்தீன் பைகளை, படுக்கை என்பீர்களே, அதில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"என்னக்கா, படுக்கை அழுகிப்போச்சா? வாடை வருது."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தீர்கள். "ஆமா டீச்சர். ஒரு படுக்கை கெட்டுப்போச்சு. பச்சைப் பூசணம்."

"கெட்டதை ஒடனே தூக்கி வெளிய போட்டுருங்கக்கா. வச்சிருந்தா மத்ததுக்கும் பரவிரும்."

"போட்டுர்றேன்" என்றீர்கள். அவ்வளவு அமைதியாகச் சொன்னீர்கள்.

அடுத்த இரண்டு செவ்வாயும் நீங்கள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்றாவது செவ்வாய்க்குக் காத்திராமல் நானே பஸ் ஏறி வந்தேன். கொட்டகையின் உள்ளறையில், படுக்கைகளில் வித்து முளைத்துப் பரவுவதற்காக இருட்டாக வைத்திருப்பீர்களே, அந்த அறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும், "கதவைச் சாத்து டீச்சர். போன் லைட்டைப் போடு" என்றீர்கள். துண்டை எடுத்தீர்கள். ரவிக்கையின் கொக்கிகளை ஒரு கையாலேயே கழற்றினீர்கள். இடது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கியிருந்தது.

நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். எட்டு வருஷமாக அந்த நோயோடு வேலை பார்க்கிறேன். ஊதா நிறமாக, எண்களாக, கோடுகளாக மட்டுமே எனக்கு அதைத் தெரியும். ஒரு மனுஷியின் உடம்பில் அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கன்ட்ரோல்லதான இருக்கு டீச்சர்? நீதான மிசின்ல பாத்துச் சொன்ன. நல்லா வந்திருக்குன்னு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. வெந்நீர்ப் பக்குவம் எதற்குக் கேட்டீர்கள், சோற்றை ஏன் குறைத்தீர்கள், எந்தப் படுக்கை கெட்டுப்போனது. சுற்றிலும் படுக்கைகள் தொங்கின. வைக்கோலுக்குள் வெள்ளை நூல் ஓடி, எல்லாம் பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. பதில் சொல்ல வாய் திறந்தேன். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா" என்பது மட்டும்தான் வந்தது. நீங்கள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரொம்பப் பொறுமையானவர். எப்போது முதலில் தெரிந்தது என்று கேட்டார்.

"ஏழு மாசம் இருக்கும்ங்க."

"ஏழு மாசமா என்னம்மா பண்ணீங்க?"

"மருந்து குடிச்சேங்க."

"என்ன மருந்து?"

நீங்கள் என் பக்கம் கையைக் காட்டினீர்கள். வலி தெரியும் முகத்தில் ஒரு பெருமை. "இவங்க கண்டுபுடிச்சது" என்றீர்கள்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கோலிக்குண்டு அளவில் இருந்தபோதே வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம், இப்போது எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது என்று வெளி வராந்தாவில் என்னிடம் தனியாகச் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நாலு மாதம். முடி கொட்டியது, வாய் புண்ணானது, சோறு இறங்கவில்லை. நான் வாரம் இரண்டு தடவை வந்தேன். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருவேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. கடைசியாகப் பேசிய நாள் நீங்கள் தலையணையில் சாய்ந்துகொண்டு, "காளான் மட்டும் இல்லேன்னா நான் இம்புட்டு நாள் தாங்கியிருக்க மாட்டேன் டீச்சர்" என்றீர்கள்.

நான் தலையாட்டினேன். பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு நின்ற கௌசல்யா அதைப் பார்த்தாள். இன்றைக்கு அவள் குடிக்கிற தண்ணீர் அந்தத் தலையாட்டலிலிருந்துதான் வந்தது.

நம் காளானைப் பற்றிய கட்டுரை போன மாதம் வெளியானது. நம்பிக்கையளிக்கும் முடிவுகள் என்று தொடங்குகிறது. மேலும் ஆய்வு தேவை என்று முடிகிறது. இப்படிப்பட்ட கட்டுரைகள் எல்லாமே அப்படித்தான் முடியும், நான் படித்தவற்றில் அப்படி முடியாத ஒன்றைப் பார்த்ததில்லை. உங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி: காளான் உள்ளூர் விவசாயி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது. அந்த விவசாயி என்ன ஆனார் என்று கேட்பதற்கு அந்தக் கட்டுரையில் இடமில்லை. அச்சில் வந்த அன்று எல்லோரும் இனிப்பு சாப்பிட்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சொல்கிறேன் அக்கா. கன்ட்ரோல் என்றால் ஆய்வகத்தில் அடக்கம் என்று அர்த்தம் இல்லை. எதையும் சேர்க்காமல் விட்டு வைப்பது. மற்றவை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒன்றும் செய்யாமல் நோயை அதன் போக்கில் வளர விடுவது. குழியில் இருக்கும் செல்லின் மேல் நேராக ஊற்றினால் சாவது வேறு, வயிற்றுக்குள் போன தண்ணீர் மார்புக் கட்டியைப் போய்ச் சேர்வது வேறு. காலையில் வெறும் வயிற்றில் நீங்கள் குடித்தது வெறும் காளான் ரசம். ஏழு மாதம் அந்த ஓரத்து வரிசையில் இருந்தது நீங்கள்தான். நான் வாரா வாரம் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதுவும் செய்யாமல்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்டால் நீங்கள், "அட போ டீச்சர், வார்த்தை தவறுறதுதான்" என்று சொல்லிவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம். தெரியாமல்தான் சொன்னேன் என்பது ஒரு நாளுக்குச் சரி. தெரிந்த பிறகு நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன பெயர்? உங்கள் நிம்மதிக்காக என்று சொல்லிக்கொண்டேன். என் நிம்மதிக்காகத்தான்.

இன்னும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறேன். வேறு வேலை தெரியாது. காளானிலிருந்து என்றைக்காவது மருந்து வரலாம். வராமலும் போகலாம். முன்பெல்லாம் தட்டில் ஊதா நிறம் வந்தால் துள்ளுவேன், இப்போது குழிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு தட்டை மூடிவிடுகிறேன். ஓரத்து வரிசைக்கு இப்போது நான் கன்ட்ரோல் என்று எழுதுவதில்லை. மூடியில் தமிழில் 'சும்மா' என்று எழுதிவிடுகிறேன். கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

காலையில் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு கௌசல்யாவிடம் கேட்டேன். "உனக்கு எதும் கையில தட்டுப்படுதா? மறைக்காமச் சொல்லு."

"ச்சே, அதெல்லாம் இல்ல டீச்சர்" என்றாள். சொல்லிக்கொண்டே துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். பெண்பிள்ளைகள் சாதாரணமாகச் செய்வதுதான். ஆனால் நீங்கள் பச்சைப் பூசணம் என்று சொன்னதும் இதே குரலில்தான். எந்தக் குரலை நம்புவது என்று எனக்கு இப்போது தெரிவதில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய் அந்த டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றேன். "எதுக்கு டீச்சர்" என்று இழுத்தாள். எனக்காக வா என்றேன். "சரி, வாரேன்" என்றாள். போகிற வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கன்ட்ரோல் என்றால் என்ன என்பதை, நீங்கள் எதனால் போனீர்கள் என்பதை, அந்தத் தண்ணீர் நோயைத் தடுக்காது என்பதை. கேட்டுவிட்டு அவள் பாதி வழியில் இறங்கிப் போய்விடலாம். இனி ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு சொல்லலாமே என்று இப்போதே மனசு நழுவப் பார்க்கிறது. எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் உங்களிடம் எழுதி வைக்கிறேன்.

பாட்டில் என் எதிரில்தான் இருக்கிறது. அதைக் கரைத்துத் தட்டில் ஊற்றப் போவதில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாசனையும் அந்தச் செவ்வாய்க்கிழமையும்தான். பஸ்ஸில் போகும்போது வரும், பல் தேய்க்கும்போது வரும். நீங்கள் தண்ணீர் அளவு கேட்கிறீர்கள், எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று கேட்கிறீர்கள், கதவுவரை போய்விட்டுத் திரும்பி நிற்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்து, அன்றைக்குக் கேட்காமல் விட்ட ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறேன்.

"யாருக்குக்கா?"